வலைமுகப்பும் வாணிகமும்

மாத்தளை நகரின் பெருந்தெருவிலே நடப்போர்க்கு, கடைப்பெயரைப் படிக்குமுன்னரே மிளகும் கராம்பும் சாதிக்காயும் ஏலமும் கலந்த வாசனை வந்து சேரும். இங்கு வாணிகஞ் செய்வார்க்கு அந்த வாசனையே முதல் விளம்பரம். சாக்கின் வாயைத் திறந்து வைத்தாற் போதும். வந்தவர் கையில் அள்ளிப் பார்ப்பார். உள்ளங்கையிலே தேய்த்து முகர்வார். பின்னர் விலை பேசுவார். இது தலைமுறை பலவாக நின்று நிலவும் வழக்கு. ஆனால் அதே மிளகை இன்று இணையத்தளத்தின் வாயிலாக விற்கப் புகும் வணிகன், தன் முன்னோர்க்கு வாய்த்த இப்பெருந்துணையை முற்றாக இழந்துவிடுகின்றான். திரையிலே வாசனை இல்லை. தொட்டுப் பார்த்தல் இல்லை. கடைக்காரரின் முகமும் இல்லை. எழுத்து, படம், நிறம், ஒழுங்கு என்னும் நான்கே அங்கு எஞ்சி நிற்கின்றன. வாசனை செய்த பணியை இந்நான்கும் செய்தாதல் வேண்டும். நல்ல வடிவமைப்பு வாணிகத்துக்கு ஏன் இன்றியமையாதது என்னும் வினாவுக்கு விடை இவ்விடத்திலேயே தொடங்குகின்றது என்பது எமது கருத்து.

இலக்கியக் கட்டுரைகளும் வரலாற்றாய்வுகளும் இடம்பெறும் கல்லூரி ஆண்டு மலரிலே இப்பொருளுக்கு என்ன இடமென்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் ஒன்று கருதற்பாலது. இணையப் பக்கமும் ஒருவர் படித்தற்பொருட்டு ஆக்கப்படும் ஓர் ஆக்கமேயாகும். படிப்போனை நோக்கி ஆக்கப்படும் எதுவும், காவியமாயினும் கடிதமாயினும், இரு கேள்விகளுக்கு உட்பட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லிற்றா? சொல்லிய முறை பொருளுக்குப் பொருந்திற்றா? இவ்விரண்டையும் ஒழுங்காகக் கேட்பதே திறனாய்வு. அதற்கு வேண்டிய அளவுகோலை நாம் பிறரிடம் கடன்பெற வேண்டியதில்லை.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், பாயிரத்திலே நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினையும் நூலுக்கு வேண்டிய அழகுகள் பத்தினையும் வகுத்தார். அவர் அழகென்று கொண்டவற்றுள் பூச்சும் புனைவும் முதன்மை பெறவில்லை. சுருக்கமும் தெளிவும், பொருளை உரிய முறையில் வைத்தலும், உலக வழக்கோடு மலையாமையுமே அவர்க்கு அழகாயின. படிப்போனை மயங்க வைத்தலும், எடுத்த பொருளை விட்டு மற்றொன்று விரித்தலும், ஆரவாரமாகத் தொடங்கி வரவரத் தேய்தலும் குற்றமாயின. இவை இன்று மாணாக்கர் மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் பட்டியலாய் நின்றுவிட்டன. உண்மையில் இவை படிப்போனின் காலத்தையும் பொறுமையையும் மதிக்கும் ஒரு நெறியின் கூறுகள். வலைமுகப்பை அளத்தற்கு இதனினும் சிறந்த கோலை யாம் கண்டிலேம்.

சொல் ஓர் ஊடகத்தினின்று மற்றோர் ஊடகத்துக்குப் பெயரும்போதெல்லாம் அதன் அமைப்பும் மாறவேண்டியதாகின்றது. இதற்கு எமது மாவட்டமே சான்று. மாத்தளை நகருக்கு வடக்கே அண்மையிலுள்ள அலுவிகாரையிலேதான், வாய்மொழியாக வழங்கிய பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. காதாற் கேட்கப்பட்டது அன்று கண்ணாற் படிக்கப்படுவதாயிற்று. பின்னர் ஏட்டினின்று அச்சுக்கு மாறிய காலத்தில் யாழ்ப்பாணத்திலே இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. ஏட்டுச் சுவடியிலே சொற்களிடையே இடைவெளியில்லை, நிறுத்தக் குறியுமில்லை. 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்த ஆறுமுக நாவலர் (1822-1879), தாம் பதிப்பித்த வசன நூல்களிலே சந்தி பிரித்தும் குறியீடு இட்டும் பக்கத்தை ஒழுங்கு செய்தார். தமிழ் உரைநடையிலே நிறுத்தக் குறிகளை நிலைபெறச் செய்த பெருமையை அவர்க்கே உரியதாகக் கூறுவர். நூற்பொருளை எளிமைப்படுத்துகின்றோமென்று அவர் அதன் தரத்தைக் குறைத்தாரல்லர். பாலரும் படிக்கத்தக்கதாகப் பக்கத்தை அமைத்தார். அதனால் அந்நூல்கள் பரவின. வடிவமைப்பின் பயன் யாதென வினவுவார்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

இணையப் பக்கத்தின் வரலாறு மிகக் குறுகியது. 1989இல் சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்திலே டிம் பேர்ணர்ஸ் லீ இதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் அது வெளியுலகின் பயன்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்திலே பக்கம் பெரும்பாலும் வெறும் எழுத்தாலானது. 1993இல் வந்த மொசைக் என்னும் உலாவி எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டிற்று. அதன்பின் வணிக உலகம் இதனை நோக்கி விரைந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குள் திரை மேசையிலிருந்து இறங்கி உள்ளங்கைக்குள் சுருங்கிற்று. 2010இல் ஏதன் மார்க்கொட் என்பார், திரையின் அளவுக்கேற்பத் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பக்கம் பற்றிய கொள்கையை எழுதினார். கடைக்கு வருபவர் எவ்வழியால் வந்தாலும் வாயில் அவர்க்கு ஏற்ற அளவினதாய்த் திறத்தல் வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம்.

இனி, வடிவமைப்பால் வாணிகம் செழிக்கும் என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளை நோக்குவோம். 2002இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. ஜே. பொக் என்பாரும் குழுவினரும் 2,684 பேரிடம் இணையத்தளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது, ஏன் என வினவினர். அவர்கள் எழுதிய கருத்துகளுள் நூற்றுக்கு 46.1 வீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியன. 2006இல் கனடாவின் கார்ள்ரன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், ஒரு பக்கம் கவர்ச்சியுடையதா அன்றா என்னும் எண்ணம் 50 மில்லிசெக்கனுக்குள் தோன்றிவிடுகின்றது எனக் கண்டனர். அஃது இமைப்பொழுதினும் குறைந்தது. தளம் அமைத்துக் கொடுப்போர் இவ்விரண்டையும் ஓயாது எடுத்தாளுவர்.

திறனாய்வாளன் இவற்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டும் முதற்பார்வையை அளந்தனவேயன்றி விற்பனையை அளந்தனவல்ல. அன்றியும், 2002ஆம் ஆண்டு ஆய்வோடு துணையாக நடந்த மற்றோராய்விலே, மருத்துவத்திலும் நிதித்துறையிலும் வல்லோர் தத்தம் துறைத் தளங்களை மதிப்பிட்டனர். அவர்கள் தோற்றத்தைக் காட்டிலும் தகவலின் மூலத்தையும் தரத்தையுமே பெரிதாகக் கொண்டனர். பொருளை அறியாதவன் தோற்றத்தைக் கொண்டு நம்புகின்றான். அறிந்தவன் பொருளையே தேடுகின்றான் என்பது இவற்றாற் போதரும். எனவே நல்ல வடிவமைப்பு இருவர்க்கும் பயன்படுதல் வேண்டும். அறியாதவனை ஏமாற்றாது உள்ளே அழைத்தலும், அறிந்தவனுக்கு அவன் தேடுவதைத் தாமதியாது காட்டுதலும் அதன் இருவேறு கடமைகள்.

தோற்றத்தை மாத்திரம் நம்பிக் கெட்டார்க்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. சுவீடன் நாட்டவர் சிலர் இலண்டனில் நிறுவிய பூ டொட் கொம் என்னும் ஆடை விற்பனைத் தளம் 1999 நவம்பரில் திறக்கப்பட்டது. உடையைச் சுற்றிச் சுழற்றிக் காட்டும் படங்களும், வருவோருடன் பேசும் சித்திரப் பெண்ணுமாக அது மிக்க ஆடம்பரத்துடன் விளங்கிற்று. ஆனால் அக்காலத்து இல்லங்களிற் பெரும்பாலானவை தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தைப் பெற்றன. பக்கம் திறக்குமுன் வந்தவர் போய்விட்டனர். ஏறத்தாழ 13 கோடியே 50 இலட்சம் டொலரைச் செலவிட்டபின் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. வடிவமைப்புக்குப் பணம் போதாமையால் அது வீழவில்லை. வடிவமைப்பு என்றால் என்னவென்று பிழைபடக் கொண்டதும் அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம். இதற்கு மறுதலையாக, ஜாரெட் ஸ்பூல் என்னும் அமெரிக்க ஆலோசகர் 2009இல் எழுதிய செய்தி ஒன்றுண்டு. பெயர் கூறப்படாத பெருவணிகத் தளமொன்றிலே, பணம் செலுத்துமுன் பதிவு செய்துகொள்ளுமாறு வற்புறுத்திய பொத்தானை நீக்கி, தொடர்ந்து செல்லுமாறு கூறும் பொத்தானை வைத்த அளவிலே விற்பனை நூற்றுக்கு 45 வீதம் உயர்ந்ததென்று அவர் கூறுகின்றார். தம் தொழிலின் சிறப்பைத் தாமே கூறுவதாகலின் அவ்வெண்ணைச் சற்றுக் குறைத்தே கொள்ளினும், செய்தியின் உட்பொருள் தெளிவானது. முன்னது கடையை அலங்கரித்தது. பின்னது வாயிலிற் கிடந்த கல்லை அகற்றிற்று. வாணிகத்தை வளர்ப்பது பெரும்பாலும் பின்னதே.

இந்நோக்கோடு எமது மாவட்டத்துக்கு வருவோம். கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவின் மருங்கே வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உள. தம்புள்ளைக் குகைக் கோயிலையும் சீகிரியாவையும் காணச் செல்லும் வெளிநாட்டார் இவ்வழியே செல்வர். இத்தோட்டங்களுட் சில இணையத்தளம் வைத்துள்ளன. அவற்றுள் ஒன்றை அண்மையிற் படித்தோம். பெயர் வேண்டியதில்லை; குறை ஒருவர்க்கு மட்டும் உரியதன்று.

பக்கம் மெல்லத் திறந்தது. முதலில் அசையும் படங்கள் வந்தன. யானைக் கூட்டம் ஒன்று. அடுத்துக் கடற்கரையிலே ஞாயிறு மறையும் காட்சி. மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை என்பதை எமது கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். இது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம். அடுத்துத் தரமானது, தூய்மையானது, சிறந்தது என்னும் சொற்கள் பத்தி பத்தியாக வந்தன. எதனால் தரமானது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. பொருளில்லாச் சொற்களைத் தொடுத்தலை வெற்றெனத் தொடுத்தல் என்பர். ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்றும், மற்றோரிடத்தில் மூடியிருக்கும் என்றும் கண்டோம். இது மாறுகொளக் கூறல். தொலைபேசி எண் படத்தினுள்ளே எழுதப்பட்டிருந்தமையால் விரலால் தொட்டு அழைக்க முடியவில்லை. செய்திகள் என்னும் பகுதி ஆரவாரத்தோடு தொடங்கி, சில ஆண்டுகளுக்கு முன்னரே ஓய்ந்துவிட்டது. சென்று தேய்ந்திறுதலுக்கு உரையாசிரியர் இதனினும் நல்ல உதாரணம் காட்டுதல் அரிது.

சொல்லியவற்றின் குற்றம் இது. சொல்லாது விட்டவற்றின் குற்றம் அதனினும் பெரிது. குன்றக் கூறல் என்று அதனைக் கூறுவர். மிளகு எந்தச் சரிவில் விளைந்தது? எந்த மாதத்திற் பறிக்கப்பட்டது? வெயிலில் உலர்த்தினரா, உலர்த்தியிலா? கறுப்பு மிளகுக்கும் வெள்ளை மிளகுக்கும் வேறுபாடு யாது? நூறு கிராம் என்ன விலை? தபாலில் எத்தனை நாளிற் சேரும்? சேராவிடில் யாரிடம் முறையிடுவது? கடைக்கு நேரில் வருபவர் கேட்கும் வினாக்கள் இவையே. வாசனையை முகர முடியாதவனுக்கு இவ்வினாக்களின் விடையே வாசனை. வாசனைப் பயிர்கள் பற்றிய அரச ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே உள்ளது. பயிரைப் பற்றிய அறிவு எமது ஊரிற் பஞ்சமன்று. அவ்வறிவு பக்கத்தில் ஏறாதிருப்பதே பஞ்சம்.

விலையைக் கூறாதிருத்தல் தற்செயலான மறதியன்று என்பதையும் இங்குக் கூறவேண்டும். சுற்றுலா வழியிலே விற்கும் பல இடங்களில், வருபவரை அழைத்துவரும் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் தரகு கொடுக்கும் வழக்கு உண்டு. அத்தரகு விலையின்மேல் ஏறும். விலை ஆளுக்கு ஏற்ப மாறும். இத்தகைய வாணிகத்துக்கு விலைப்பட்டியல் பகையே. ஆனால் அவ்வாறு வாங்கிச் சென்ற வெளிநாட்டான், தன் ஊர் சேர்ந்தபின் அதே பொருளின் விலையைத் திரையிற் கண்டு, தான் ஏமாற்றப்பட்டதாக எழுதுகின்றான். அதனை அடுத்து வருவோர் அனைவரும் படிக்கின்றனர். விலையையும் பொருளையும் நேர்படக் காட்டும் பக்கம் தரகின் பிடியிலிருந்து வணிகனை விடுவிக்கும். வாங்குவோன் தானே தேடி வருவான். ஒரு முறை வந்தவன் மறுமுறையும் எழுதுவான். எனவே வடிவமைப்பு இவ்விடத்தில் அழகுப் பிரச்சினையன்று, அறப் பிரச்சினையாகும். எண்ணெய் ஒன்று எல்லா நோயையும் தீர்க்குமென அழகிய எழுத்தில் எழுதப்பட்ட பொய், அழகற்ற எழுத்தில் எழுதப்பட்ட பொய்யினும் கொடியது. ஏனெனில் அது மேலும் பலரைச் சென்று சேரும்.

முறையின் வைப்பு என்னும் அழகை விளக்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்துக்குச் செல்வோர் முதலில் தொலைவிலேயே இராசகோபுரத்தைக் காண்பர். ஊரறியாதவனும் இது கோயிலென்று அறிவான். வாயிலைக் கடந்தால் கொடிமரமும் பலிபீடமும் எதிரே நின்று, கருவறை எத்திசையிலுள்ளதென்று உணர்த்தும். எவரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே காசியப்பன் அமைத்த சீகிரியாவும் அத்தகையதே. நீர்ப்பூங்காவின் நேர்வழி குன்றை நோக்கிச் செலுத்துகின்றது; கற்பாறைப் பூங்கா அவ்வழியை வளைத்து ஏற்றுகின்றது; சிங்கத்தின் பாதங்கள் உச்சிக்குச் செல்லும் படியைக் காட்டுகின்றன. அங்கு வந்தவர் கண்ணாடிச் சுவரிலே தம் எண்ணங்களைப் பாட்டாக எழுதிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். நன்கு அமைந்த இடம் வருபவனை வழிநடத்துவதோடு நில்லாது பேசவும் செய்கின்றது. வலைமுகப்பும் அவ்வாறே. இது யாருடைய கடை, இங்கு யாது கிடைக்கும், எவ்வாறு பெறுவது என்னும் மூன்றும் முதற்பார்வையிலேயே இவ்வரிசையில் விளங்குதல் வேண்டும். பின்னரே தோட்டத்தின் வரலாறும் உரிமையாளரின் படமும்.

இவ்விடத்தில் இரு தடைகள் எழும். முதலாவது, பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு, பொருள் நல்லதாயின் தானே விற்கும் என்பது. இப்பழமொழி பூவின் மணம் எட்டும் தூரம் வரையிலேயே செல்லுபடியாகும். ரொறன்ரோவில் இருப்பவனுக்கு மாத்தளைச் சாதிக்காயின் மணம் எட்டாது. இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. பெரும்பாலும் தென்கரைப் பகுதிகளில் விளையும் அக்கறுவா, பல நூற்றாண்டுகளாக உலகப் புகழ் பெற்றது. அத்தகைய பொருளுக்கே தன் பெயரைச் சட்டத்தாற் காத்து, வேறு பட்டையினின்று தன்னைப் பிரித்துக் காட்டவேண்டியிருந்தது எனின், சாக்கிற் கட்டப்பட்டுப் பெயரின்றிச் செல்லும் எமது மிளகின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இரண்டாவது தடை வலிமை மிக்கது. முகநூலிலே செலவின்றிப் பக்கம் திறக்கலாம், வட்ஸ்அப் வழியே கட்டளை பெறலாம், தனித் தளம் எதற்கு என்பர். சிறு வணிகர்க்கு அவை பேருதவி புரிந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டிலிருந்தே மசாலாத் தூள் அரைத்து விற்கும் பெண்கள் அவற்றையே நம்பி வாழ்கின்றனர். ஆயினும் அது பிறர் நிலத்திற் போட்ட கொட்டில். நிலத்துக்குரியவர் விதியை மாற்றினால் கொட்டிலும் மாறும். அங்கு நேற்று இட்ட செய்தி இன்றைய செய்தியின் கீழ் அமிழ்ந்துவிடும். முறையின் வைப்புக்கு அங்கு வழியே இல்லை. விலை அறியத் தனியே எழுதுக என்னும் வழக்கும் அங்கேயே வேரூன்றிற்று. எனவே முகநூலைச் சந்தையாகவும், சொந்தத் தளத்தைக் கடையாகவும் கொள்ளுதல் தகும். சந்தையிற் கூவி அழைத்தவரைக் கொண்டுவந்து அமர்த்த ஒரு கடை வேண்டும். கடை பெரிதாக வேண்டியதில்லை. தெளிந்த மூன்று பக்கங்கள் போதும்.

தமிழ் வாசகர்க்கு இதிலே மற்றுமோர் அக்கறை உண்டு. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2010இல் '.இலங்கை' என்னும் தமிழ் முகவரி ஈறும் இணையத்தில் இடம்பெற்றது. ஆயினும் மும்மொழித் தளங்களிலே தமிழ்ப் பக்கம் எத்தகையது? ஆங்கிலத்திற் பத்துப் பக்கம் இருப்பின் தமிழில் இரண்டு இருக்கும். தளத்தின் முகப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'வீடு' என்று பெயர்த்து வைத்திருப்பர். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்த பொத்தானுள் தமிழ்ச் சொல் பாதியாக வெட்டுண்டு நிற்கும். மேலும் கீழும் குறிகள் ஏறும் எமது எழுத்துக்கு வரிகளிடையே கூடிய இடைவெளி வேண்டும் என்பதை எண்ணியிரார்.

இக்குறைக்கு நாமும் ஓரளவு பொறுப்பாளிகள். இலங்கைத் தமிழர் பலகாலம் பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே தட்டெழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அப்பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றிற்று. தேடுபொறிக்கும் அது தமிழென்று புலப்படவில்லை. 1991இலேயே யுனிகோட் என்னும் பொதுக் குறிமுறையிலே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது பரவ ஆண்டுகள் பல சென்றன. எழுத்தைப் படமாக்கி ஒட்டும் பழக்கம் இன்றும் நீங்கவில்லை. படமாக்கிய எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தல் எளிதன்று; பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் கருவியும் அதன்முன் ஊமையாகும். தமிழிலே தேடும் வாங்குவோனுக்குத் தமிழிற் கடை வைத்தும் கதவை அடைத்து வைப்பதற்கு இது ஒப்பாகும். இந்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வாழும் தமிழர் இலட்சக்கணக்கானோர். அவர்களை இழத்தல் பண்பாட்டிழப்பு மட்டுமன்று, வாணிக இழப்புமாகும்.

வடிவமைப்பு வெளியிலிருந்து வாங்கி ஒட்டும் பொருளன்று என்பதற்கு எமது ஊரிலேயே ஒரு சான்றுண்டு. ஈனா டி சில்வா (1922-2015) அம்மையார் தம் முன்னோர் ஊராகிய அலுவிகாரையிலே மாத்தளை மரபுரிமை நிலையத்தை நடத்தினார். கிராமத்துப் பெண்கள் அங்கு பத்திக்கும் தையல் வேலையும் செய்தனர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பெந்தோட்டை விடுதியிலே கூரைக்கு அமைத்த பத்திக் ஓவியத்தால் அம்மையார் முன்னரே புகழ் பெற்றிருந்தார். அவர் அந்நியச் சித்திரங்களைப் படியெடுத்தாரல்லர். இந்நாட்டுக் கொடிகளிலும் கோயிற் சுவர்களிலும் உள்ள வடிவங்களையும் நிறங்களையும் தம் வழியில் ஆண்டார். அதனாலேயே வாங்குவோர் அலுவிகாரையைத் தேடி வந்தனர். அவ்வம்மையார் இணையத்தை நம்பி வாழ்ந்தவரல்லர். எனினும் வலைமுகப்பு அமைப்போர் அவரிடம் கற்கவேண்டியது அதுவே. யானையும் கடற்கரையும் எவர் பக்கத்திலும் இருக்கும். றத்தோட்டைச் சரிவிலே கொடியேறிய மிளகு எமது பக்கத்திலேதான் இருக்கும்.

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழகத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். வழியிலே மடிந்தோர் மிகப் பலர். 1880இலே மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அவர்கள் உழைப்பில் விளைந்த பொருள் அவ்வழியே உலகெங்கும் சென்றது. அவர்கள் பெயரும் சொல்லும் எங்கும் செல்லவில்லை. விளைந்த பொருளுக்குப் பெயரிட்டவர் வேறொருவர், விலையிட்டவர் வேறொருவர், விளம்பரம் எழுதியவரும் வேறொருவர். இன்று வந்துள்ள வழியிலே விளைவித்தவனே தன் பொருளுக்குப் பெயரிட்டு, விலையிட்டு, தன் மொழியிலே வாங்குவோனுடன் பேசலாம். வரலாற்றிலே இத்தகைய வாய்ப்பு எமக்கு எளிதில் வந்ததன்று. அதனைக் கடற்கரைப் படத்துக்கும் வெற்றுச் சொல்லுக்கும் இழந்துவிடுதல் தகுமோ?

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நன்னூற் பாயிரத்தை அடுத்த முறை படிக்கும்போது, உங்கள் உறவினர் ஒருவரின் கடைப் பக்கத்தையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரறியாத ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, விலையைக் கண்டு கட்டளையிடச் சொல்லுங்கள். அவர் எவ்விடத்தில் தயங்கி நிற்கின்றாரோ அவ்விடத்திலே பத்துக் குற்றங்களுள் ஒன்று இருக்கும். அதனைக் கண்டு நீக்குவார் இலக்கணமும் கற்றவராவர். உறவினர்க்கு ஒரு வாழ்வும் தேடிக் கொடுத்தவராவர்.